மை போட்டுப் பார்த்த மலை

திங்கட்கிழமை காலை பத்து மணி. மேஜை மேல் ஃபைல் குவிந்து கிடக்கிறது. ‘எல்லாத்தையும் உதறிட்டு ஒரு மலையடிவாரத்துல குடிசை போட்டு உட்கார்ந்துடணும் ஸார்’ என்று பக்கத்து ஸீட்காரரிடம் பெருமூச்சு விடாத உத்தியோகஸ்தர் உலகத்தில் எங்கும் கிடையாது. இந்தப் பெருமூச்சுக்கு வயசு குறைந்தபட்சம் 1,600 வருஷம்.

சீனாவில் தாவோ யுவான்மிங் என்று ஒருவர். கி.பி. 405-ல் பெங்சே என்கிற சின்ன ஊருக்கு மாஜிஸ்திரேட் ஆனார். சேர்ந்து ஒரு 80 நாள் ஆகியிருக்கும். மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிறது. ‘உடுப்பை ஒழுங்காப் போட்டுக்கிட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போய் நில்லுங்க’ என்று கீழே வேலை பார்த்தவன் காதைக் கடித்தான். சம்பளமாக வருகிற அஞ்சு மரக்கால் அரிசிக்காக எவனோ ஒரு பொடியன் முன்னால் குனிந்து நிற்பதா என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே ஆபீஸ் முத்திரையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொந்த ஊருக்கு நடையைக் கட்டினார் என்பது கதை.

ஊருக்குப் போனவர் நிலத்தை உழுதார். செவ்வந்தி வளர்த்தார். கொஞ்சம் அதிகமாகவே குடித்தார். கவிதை எழுதினார். விளைச்சல் பொய்த்த வருஷங்களில் பட்டினியும் கிடந்தார். அடுத்தவர் வீட்டு வாசலில் போய்ச் சாப்பாட்டுக்கு நின்ற கூச்சத்தைப் பற்றியே அவர் எழுதிய கவிதை ஒன்று உண்டு. பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டினியைச் சாமர்த்தியமாக விட்டுவிட்டு, செவ்வந்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

பழைய சீனாவில் கவிதை எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். பரீட்சை எழுதி, போஸ்டிங் வாங்கி, மேலதிகாரியிடம் பாட்டு வாங்கி, கோஷ்டிச் சண்டையில் மாட்டித் தண்ணியில்லாக் காட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவர்கள். (தாங் வம்சக் காலத்தில் உத்தியோகப் பரீட்சையிலேயே கவிதை ஒரு பேப்பர்!) எல்லோரும் மலையைப் பாடினார்கள். ராஜினாமா செய்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எட்டாம் நூற்றாண்டில் வாங் வெய் என்று ஒரு மகா கவி. ஓவியரும்கூட. தலைநகருக்கு வெளியே மலைப் பள்ளத்தாக்கில் ஒரு வீடு வைத்திருந்தார். லீவு கிடைத்தால் அங்கே ஓடிவிடுவார். லீவு முடிந்தால் ஆபீஸ். கடைசிவரை வேலையை விடவில்லை. நல்ல உயர்ந்த பதவிக்குப் போய், 761-ல் காலமானார். அவர் கையால் வரைந்த படம் என்று இன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல எதுவும் இல்லை. பிற்காலத்து நகல்கள்தான். ஆனால் கவிதைக்குள் படத்தையும் படத்துக்குள் கவிதையையும் வைத்தவர் என்று அவருக்குக் கிடைத்த பெயர் இன்னும் அழியவில்லை.

இந்த மலையும் இந்தப் பெருமூச்சும் கப்பலேறி ஜப்பானுக்குப் போன கதைதான் இந்த வாரம்.

முதலில் பிடித்துக்கொண்டவர்கள் ஜென் துறவிகள். துறவி என்றால் ஏகாந்தத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். 14, 15-ம் நூற்றாண்டில் கியோட்டோவின் பெரிய ஜென் மடங்கள் கிட்டத்தட்ட செக்ரடேரியட் மாதிரி. சீன மொழி நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பதால், ஷோகுன் சீனாவுக்கு லெட்டர் எழுதவேண்டும் என்றாலும் அவர்களைத்தான் கூப்பிடுவார். தவிர மடத்து நிலங்கள், கணக்கு வழக்கு, பெரிய மனுஷர்களின் விஜயம். மனுஷன் எப்போது தியானம் பண்ணுவது?

1413-ல் கியோட்டோவின் நான்ஸென்ஜி மடத்துத் துறவி ஒருவருக்காக ஒரு படம் வரையப்பட்டது. வெறும் கறுப்பு மை. ஓர் ஓடை, பைன் மரங்கள், பின்னால் மலை, ஓடைக்கரையில் சின்னதாக ஒரு குடில். படத்துக்கு மேலே காலியாக விட்டிருந்த இடத்தில் சக துறவிகள் ஆளுக்கொரு சீனக் கவிதை எழுதினார்கள். ஒருவர் முன்னுரையும் எழுதினார். அதில் இருக்கிறது விஷயம். இந்தத் துறவி ஊர் நடுவே, சந்தடியில் வசிக்கிறவர். இப்படி ஒரு குடில் வாஸ்தவத்தில் எங்கேயும் இல்லை. இது அவர் மனசின் படம் என்கிறார். இந்த மாதிரி ‘மனசில் கட்டின வீடு’ படங்கள் அந்தக் காலத்தில் ஒரு தனி ரகமாகவே பெருகின. மடத்தில் தன் ரூமில் மாட்டி வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டுக்கு நடுவே அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். காலண்டரில் ஸ்விட்ஸர்லாந்து மாட்டுகிற வழக்கத்துக்கு அறுநூறு வருஷத்துத் தாத்தா!

படத்தின் தொழில்நுட்பம் பற்றிக் கொஞ்சம். பைன் கட்டையையோ எண்ணெயையோ எரித்துக் கரி பிடித்து, அதை விலங்குப் பசையில் குழைத்துக் கட்டியாக்கிக் காயவைப்பார்கள். அதுதான் மை. வேண்டும்போது கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் மாதிரி இழைத்துக்கொள்ள வேண்டியது. தண்ணீர் குறைந்தால் காக்கைக் கறுப்பு, கூடினால் புகை. பல வர்ணமும் அந்த ஒரே கட்டியில்தான். காகிதமோ பட்டோ, வைத்த கோடு வைத்ததுதான், ரப்பர் போட்டு அழிக்கிற ஜோலியே இல்லை. இதில் பெரிய வித்தை, மை படாத இடம். மலை இடுப்பில் ஒன்றுமே போடாமல் விட்டால் அது மூடுபனி. கீழே விட்டால் ஆறு. அதற்கும் கீழே ஒரு சின்னப் படகைக் கீறிவிட்டால், வெறும் காகிதத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும். இயற்கைக் காட்சிக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் பெயரே ‘மலை-நீர்’ என்பதுதான். ஜப்பானிய உச்சரிப்பில் சான்சுயி.

ஜப்பானில் இந்தக் கலையின் சக்கரவர்த்தி செஷ்ஷூ (1420-1506). அவர் ஒருவர்தான் இந்தக் கதையில் சீனாவை நேரில் பார்த்தவர். 1467-லிருந்து 1469 வரை அங்கே இருந்தார். 76 வயதில் சிஷ்யன் ஒருவனுக்குப் படம் வரைந்து கொடுத்து, அதன் மேல் தன் கைப்பட ஒரு குறிப்பும் எழுதினார். சீனாவுக்குக் குரு தேடிப் போனேன், மை தெளிக்கும் முறை கொஞ்சம் கற்றேன், ஆனால் போய்ப் பார்த்த பிறகுதான் நம்மூர் குருமார்கள் எவ்வளவு பெரியவர்கள் என்று புரிந்தது என்பது சாராம்சம். படம் இப்போது டோக்கியோ தேசிய மியூஸியத்தில் இருக்கிறது. அவசர அவசரமாக நாலு இழுப்பு இழுத்த மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் மலை, மரம், அடியில் ஒரு கூரை, தண்ணீரில் படகு!

செஷ்ஷூவுக்கு அப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். 1630-களில் ஜப்பானியர் எவரும் வெளிநாடு போகக்கூடாது என்று ஷோகுன் சட்டம் போட்டார். போனால் திரும்பி வரக்கூடாது. வந்தால் தலை போய்விடும். நாகஸாகி ஒரு துறைமுகத்தில் மட்டும் சீனக் கப்பலும் டச்சுக் கப்பலும் வரலாம். ஆக, அடுத்த இரு நூறு வருஷத்துக்கு மேல், சீன மலைகளை வரைந்த ஜப்பானிய ஓவியர்கள் யாரும் சீன மலையைப் பார்த்ததில்லை. நாகஸாகியில் இறங்கிய புத்தகங்களை வைத்துக்கொண்டு, அதில் இருந்த கவிதைகளைப் படித்துக்கொண்டு, காணாமல் போன பொருளை மை போட்டுப் பார்க்கிற மந்திரவாதி மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே பார்த்தார்கள்.

கப்பலில் சரக்கு தாராளமாகத்தான் வந்தது. தாங் காலத்துக் கவிதைத் தொகுப்பு ஒன்றை 1724-ல் ஜப்பானில் அச்சடித்தார்கள். சக்கைப் போடு போட்டது. ‘கடுகுத் தோட்டம்’ என்கிற பெயரில் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் ஒரு கைடும் வந்தது. மரத்துக்கு இலை எப்படி, பாறைக்கு மடிப்பு எப்படி, தூரத்து மனுஷனுக்கு மூக்கு வேண்டாம் என்று எல்லாம் சொல்லித்தரும். சீனாவில் 1679-ல் வெளியானது. கடுகுத் தோட்டம் என்பது அதற்கு முன்னுரை எழுதிய லி யுவின் வீட்டுத் தோட்டத்தின் பெயர். காமெடி நாடகம் எழுதியவர், சொந்தமாக நாடக ட்ரூப் வைத்திருந்தவர், பதிப்பாளர், சாப்பாட்டு ரசிகர். இந்த ஆசாமியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிமிஷத்தில் திரும்ப வருவார்.

கியோட்டோவில் 18-ம் நூற்றாண்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் வாழ்ந்தார்கள். ஒருவர் இகே நோ தாய்கா (1723-1776). சின்னப் பையனாக இருக்கும்போதே விசிறியில் படம் எழுதி விற்றுப் பிழைத்தவர். சீனக் கைடைப் பார்த்து வரைந்த புதுப் பாணி விசிறிகளை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனாராம். ஒருத்தரும் வாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஸேட்டா பாலத்தின் மேல் நின்று அத்தனையையும் நாகராஜனுக்குக் காணிக்கை என்று தண்ணீரில் போட்டுவிட்டார் என்று ஒரு கதை. இன்னொன்று இதைவிட ஜோர். ஒசாகாவுக்குக் கிளம்பியவர் தூரிகைகளை வீட்டிலேயே மறந்துவிட்டார். அவர் மனைவி க்யோகுரான், அவரும் நல்ல ஓவியர், எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். தாய்கா வாங்கிக்கொண்டு, ‘யாரோ தெரியலையே, எடுத்துக் கொடுத்தீங்க, ரொம்ப நன்றி’ என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம். அந்த அம்மாளும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். (உங்கள் வீட்டில் முயற்சி செய்து பார்க்கவேண்டாம்.)

மற்றவர் யோஸா பூசோன் (1716-1784). ஹைக்கூ படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். பாஷோவுக்கு அடுத்தபடி சொல்லப்படுகிற பெயர். ஆனால் வீட்டில் அடுப்பெரிந்தது படத்தால்தான். கல்யாணமே நாற்பது வயசுக்கு மேல். ஒரே மகள். பட்டுத் துணி விலை ஜாஸ்தி, முன்பணம் போட ஓவியருக்கு வழியில்லை. அதனால் 1760-களில் அவருடைய அபிமானிகள் சேர்ந்து சீட்டுப் பிடித்தார்கள். ஆமாம், நம் மாதாந்திரச் சீட்டு மாதிரியேதான். எல்லோரும் தவணை கட்டவேண்டியது, அந்தப் பணத்தில் பூசோன் பெரிய மடக்குத் திரைகளில் படம் எழுதித் தரவேண்டியது.

நன்றாகக் கவனியுங்கள். சீனாவில் இந்த மாதிரிப் படம் வரைந்த கனவான்கள், பணத்துக்காக வரைவது கேவலம் என்று கொள்கை வைத்திருந்தார்கள். மாதச் சம்பளம் வருகிறவனுக்கு அந்தக் கொள்கை கட்டுப்படியாகும். தாய்காவும் பூசோனும் அந்த ‘கவலையற்ற கனவான்’ மலைகளைத் தினப்படி அரிசிக்காக வரைந்தார்கள்.

1771-ல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். இங்கேதான் லி யு திரும்ப வருகிறார்.

லி யு வாலிப வயசில் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டு சில வருஷம் இருந்தார். பார்க்க வந்த ஒருவர் நம்மில் எவரும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார். ‘இடம் அமைதியாத்தான் இருக்கு. ஆனா வசதிப்படாது போலிருக்கே?’ லி யுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘வசதி இல்லையா? சொல்றேன் கேளும்’ என்று பத்து வசதிகளைப் பத்துக் கவிதைகளாக எழுதிவிட்டார். உழ வசதி, தண்ணீர் எடுக்க வசதி, துணி துவைக்க வசதி, தோட்டத்துக்குப் பாய்ச்ச வசதி, மீன் பிடிக்க, விறகு பொறுக்க, வேலையாட்களை மேற்பார்க்க, வேடிக்கை பார்க்க, கவிதை சொல்ல எல்லாம் வசதி. இரவுக் காவலுக்குக்கூட வசதி. சுற்றிலும் தண்ணீர், அந்தி ஆனதும் பாலத்தை உருவிக்கொண்டால் திருடன் எங்கே வருவான்? அதோடு விடாமல், எந்தப் பொழுதுக்கும் இந்த இடம் எவ்வளவு பொருத்தம் என்று இன்னும் கொஞ்சம் கவிதைகள்.

சுத்தமான ஹவுஸிங் ப்ளாட் விளம்பரம், இல்லையா? அத்தனையும் எழுதிய லி யு, சில வருஷத்தில் ஹாங்சௌ நகரத்துக்குக் குடிபோய்விட்டார்!

ஆனால் கவிதைகள் கப்பலில் ஜப்பானுக்கு வந்துவிட்டனவே. நருமி என்கிற ஊரில் சாக்கே வியாபாரம் செய்த ஷிமோஸாத்தோ குடும்பத்துப் பணக்கார ரசிகர் ஒருவர்தான் ஆர்டர் கொடுத்தார் என்று சொல்வார்கள். பத்து வசதிகளை வரைய தாய்கா. பத்துப் பொழுதுகளை வரைய பூசோன். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர், விடியல், மாலை, வெயில், காற்று, மேகமூட்டம், மழை. ஒவ்வொரு படமும் சுமார் 18 சென்டிமீட்டர் சதுரம். ஒரு கர்ச்சீஃபை மடித்து வைத்தால் அவ்வளவுதான். மையும், மேலே மெல்லிசாக வர்ணமும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு சுகம். தாய்காவின் மலையடிவாரத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மீன் பிடிக்கிறவருக்கு மீன் மாட்டுமா என்கிற கவலை கிடையாது. அவர் கோடுகூட வட்ட வட்டமாகக் குலுங்கிச் சிரிக்கிறது. பூசோனுடையது வேறு. மனுஷர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, காற்றையும் மழையையும் நடு மேடையில் விடுகிறார். அவர் ஹைக்கூக்காரர் என்பது அங்கே தெரிந்துவிடும். எந்தக் கட்சி என்று என்னைக் கேட்டால், பார்க்கும்போது தாய்கா, படுக்கையில் நினைத்துப் பார்க்கும்போது பூசோன். பார்க்காத நாட்டில், இல்லாத வீட்டில், எழுதினவரே காலி செய்துவிட்டுப் போன இடத்தில், கியோட்டோவின் இரண்டு வாடகை ஆசாமிகள் குடியேறியிருக்கிறார்கள். அதுவும் எவ்வளவு செளகரியமாக!

இந்த ஆல்பம் 1951-ல் ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. அதை வாங்கி வைத்திருந்தவர் யாஸுநாரி கவாபட்டா. 1968-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கிய நாவலாசிரியரேதான். கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படம் வாங்குகிற ரகம் இல்லை அவர். பிடித்தால் வாங்கிவிட வேண்டியது, பணத்தைப் பிறகு தேடவேண்டியது. போர் முடிந்து, நாடே தோற்றுச் சுருண்டு கிடந்த சில வருஷங்களில் இன்னொரு மை மலையும் வாங்கினார். அதை வரைந்தவர் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே தண்டம்.

பெயர் உராகாமி க்யோகுடோ (1745-1820). தாய்கா, பூசோன் மாதிரி ஃப்ரீலான்ஸ் இல்லை. நிஜ உத்தியோகஸ்தர். ஒகாயாமா பக்கம் ஒரு சின்ன சமஸ்தானத்தில் ஸாமுராய். கத்திச் சண்டையெல்லாம் ஓய்ந்துபோன காலம். ஸாமுராய் என்றால் ஏறக்குறைய குமாஸ்தா. படிப்படியாக உயர்ந்து, மற்ற அதிகாரிகளைக் கண்காணிக்கிற, இன்றைய விஜிலன்ஸ் ஆபீஸர் மாதிரியான வேலைக்கு வந்தார். பிறகு அந்தப் பதவி போயிற்று. இடையில் அவருக்குச் சீனாவில் செய்த ‘சின்’ என்கிற பழைய வாத்தியம் ஒன்று கிடைத்திருந்தது. ஏழு தந்தி, படுக்கவைத்து வாசிப்பது. தாவோ யுவான்மிங் தொடங்கி எல்லாச் சீனக் கவிகளும் மலைக்குத் துணைக்கு எடுத்துப்போன அதே வாத்தியம். அதன் மேல் பொறித்திருந்த எழுத்திலிருந்துதான் க்யோகுடோ என்ற பெயரையே வைத்துக்கொண்டார்.

1792-ல் மனைவி இறந்தார். 1794-ல், ஜப்பானியக் கணக்கில் ஐம்பதாவது வயசில், இரண்டு பையன்களையும் அழைத்துக்கொண்டு கினோசாகி வெந்நீர் ஊற்றுக்குப் போனார். அங்கிருந்து ஆபீஸுக்கு ஒரு லெட்டர். ‘இனி வரமாட்டேன்.’ அவ்வளவுதான். ஸாமுராய் எஜமானை விட்டுப் போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. குடும்ப அந்தஸ்து, மாதாமாதம் வந்த அரிசி, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் ஒரே லெட்டரில் போய்விட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டி ஒன்றும் கிடையாது.

ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அப்போது அரசாங்கம் கொஞ்சம் மாறுபட்ட படிப்புப் படித்தவர்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தது என்று சிலர். வேலை செய்யாமல் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்ததால் ஆபீஸிலேயே மதிப்பில்லை என்று சிலர். இரண்டும் இருக்கலாம். மனைவி போனபின் வீடு வீடாக இல்லை என்பதும் இருக்கலாம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வேலையை உதறிய இந்த மகானுபாவர், சின்னப் பையன் ஷூகினை வடக்கே ஐஸூ சமஸ்தானத்துக்குக் கூட்டிப் போய், அங்கே சங்கீதத்துக்கென்று ஓர் உத்தியோகத்தில் சேர்த்துவிட்டார்! தனக்குத்தான் வேலை ஆகாது. பிள்ளைக்கு கவர்ன்மென்ட் வேலை வேண்டும். அப்பா என்றால் எந்த தேசத்திலும் அப்பாதான். பெரியவன் ஷுன்கினும் ஓவியர் ஆனான். அந்தக் காலத்தில் மார்க்கெட்டில் அப்பாவைவிடப் பையன் படத்துக்குத்தான் கிராக்கி.

க்யோகுடோ வாத்தியத்தை எடுத்துக்கொண்டு பல வருஷம் ஊர் ஊராக அலைந்தார். தெரிந்தவர்கள் வீட்டில் தங்குவார், வாசிப்பார், குடிப்பார். குடித்தபின் வரைவார். ‘போதையில் எழுதியது’ என்று படத்திலேயே நேர்மையாகக் கையெழுத்துக்குப் பக்கத்தில் போட்டும் விடுவார். வரையும் முறையும் விநோதம். பாதி உலர்ந்த தூரிகையால் தேய்ப்பார். காய்ந்தபின் அதே இடத்தில் மறுபடி தேய்ப்பார். பாறையா, மரமா, வெறும் கிறுக்கலா என்று தெரியாமல் மை மேல் மை ஏறிக்கொண்டே போகும்.

கவாபட்டா வாங்கிய படம் அறுபது வயசுக்கு மேல் வரைந்தது. 133 சென்டிமீட்டர் உயரம். உறைந்துபோன மேகம் பனியைச் சலிக்கிறது என்று அர்த்தம் வருகிற நாலு சீன எழுத்துகள்தான் தலைப்பு. மாவு சலிக்கிற மாதிரி மேகம் பனியைச் சலித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது. மரங்களில் இலை இல்லை. மலை ஒன்றன்மேல் ஒன்றாக இருட்டிக்கொண்டு ஏறுகிறது. எல்லாம் ஒரு நடுக்கத்தில் நிற்கிறது. பத்து வசதியாவது ஒன்றாவது! இந்த மலையில் மீன் பிடிக்கிற ஆளைத் தேடவே தோன்றாது.

யோசித்துப் பாருங்கள். சீன மலையைப் பார்த்தேயிராத தாய்காவின் மலை சிரிக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிஜமாகவே கிளம்பிப் போன மனுஷனின் மலை இப்படி இருக்கிறது. அவர் வருத்தப்பட்டாரா? அப்படியும் சொல்ல முடியவில்லை. வருத்தப்பட்டவன் இருபது வருஷம் இத்தனை பிடிவாதமாக அதே மலையைத் திரும்பத் திரும்ப எழுதமாட்டான். அவருக்கு வேண்டியிருந்தது நிம்மதி இல்லை போலிருக்கிறது. ப்ரூனோ டவுட் என்கிற ஜெர்மன் கட்டடக் கலைஞர், ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி 1933-லிருந்து 36 வரை ஜப்பானில் இருந்தவர், பிற்கால ஜப்பானிய ஓவியர்களில் க்யோகுடோதான் பெரிய மேதை என்று தலைமேல் வைத்துக் கொண்டாடினார். நாட்டை விட்டு ஓடிவந்தவருக்கு அந்த நடுக்கம் சட்டென்று பிடிபட்டிருக்கும்.

எனக்கு க்யோகுடோவின் மேல் மரியாதை. ஆனால் மாட்டிவைக்க ஒரு படம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் (சொல்லமாட்டார்கள், தேசியப் பொக்கிஷம்) நான் கேட்பது வேறு. அதற்காக மறுபடி பூசோனிடம்தான் போகவேண்டும்.

1776 கடைசியில் பூசோன் தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். சம்பந்தி வீட்டுப் போக்கு சரியில்லை. அடுத்த வருஷமே பெண்ணைத் தன் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்துவிட்டார். அறுபது வயசு தாண்டிய மனுஷன். அதற்குப் பின், வாழ்நாளின் கடைசி ஐந்தாறு வருஷங்களுக்குள் எழுதிய படம் இது.

நீளமான, குறுகலான காகிதம். உயரம் 28 சென்டிமீட்டர், அகலம் 130. ஓரத்தில் சீன மொழியில் ஒரு கவிதை வரி. இரவு, மாடிகள், பத்தாயிரம் வீடுகளின் மேல் பனி என்பது விஷயம். இந்த வரியை வைத்துக்கொண்டு வேறு யாராக இருந்தாலும் எங்கோ ஒரு சீன நகரத்தை வரைந்திருப்பார்கள். இவர் கீழே வரைந்தது தான் குடியிருந்த கியோட்டோவை. அந்த மலைகள் ஊரின் கிழக்கு மலைகள் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். மலைகள் பின்னால் வெள்ளையாகப் படுத்துக்கிடக்கின்றன. கறுத்த வானத்தில் அடியில் பூசிய வெள்ளை அங்கங்கே கசிந்து பனியாகத் தெரிகிறது. முன்னால் முழுக்க முழுக்கக் கூரைகள். நெருக்கியடித்துக்கொண்டு, கோணல் மாணலாக, வரிசை வரிசையாகக் கூரைகள். தெருவில் ஒரு ஆள் கிடையாது.

சில மாடி ஜன்னல்களில் மட்டும் மையோடு துளி சிவப்பைத் தொட்டு வைத்திருக்கிறார். உள்ளே யாரோ இன்னும் தூங்கவில்லை.